கிட்டி ஜெனோவீஸ்: எண்ணுக்குள் மறைந்த வாழ்வு

பெரியோர் வரலாறுகள் நம் மலர்கள்தோறும் வருகின்றன. நாடாண்டவர், நூல் யாத்தவர், சிறை சென்றவர், புதுமை கண்டவர் ஆகியோரின் வாழ்க்கையைப் படித்து நாம் ஊக்கம் பெறுகிறோம். நான் இங்கு எழுதப் புகும் பெண் அவர்களுள் ஒருத்தி அல்லள். அவள் நாடாளவில்லை, நூல் எழுதவில்லை, மேடை ஏறவில்லை. அமெரிக்க நாட்டில் ஒரு மதுக்கடையை நடத்தி வந்தாள். 28-ஆம் வயதில் கொலையுண்டாள். ஆயினும், உலகின் எப்பல்கலைக்கழகத்தில் உளவியல் பயிலும் மாணவரும் அவள் பெயரைக் கேள்விப்பட்டிருப்பர். பெயரை அறிந்தவர் பலர். அவளை அறிந்தவர் மிகச் சிலர்.

அவள் பெயரை நான் முதலில் கண்டது ஒரு பாடநூலில். அங்கே அவளுக்கு ஒரு பத்தி இடம் தந்திருந்தார்கள். 1964-இல் நியூயார்க் நகரில் ஒரு பெண் குத்திக் கொல்லப்பட்டாள், 38 பேர் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தனர், இவ்வளவே செய்தி. அதன் கீழே ஆராய்ச்சிகளும் விழுக்காடுகளும் பக்கம் பக்கமாக வந்தன. அவள் யார், எங்குப் பிறந்தாள், என்ன செய்ய எண்ணியிருந்தாள் என்று ஒரு சொல்லும் இல்லை. மாண்டவளைக் காட்டிலும் பார்த்தவர்களுக்கே அங்குப் புகழ் மிகுதி.

அந்தப் பத்தி என்னைத் தூண்டியது. அவளைப் பற்றிய நூல்களையும் பிற்கால ஆய்வுகளையும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க இரண்டு செய்திகள் மனத்தில் நின்றன. ஒன்று, அவள் வாழ்ந்த வாழ்வு. மற்றொன்று, அவள் சாவைப் பற்றி உலகம் நெடுங்காலம் நம்பிய கதை பெரும்பகுதி பொய் என்பது. இவ்விரண்டையும் நம் மன்றத்து நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். கொன்றவனின் பெயரை இதில் எங்கும் எழுதப்போவதில்லை. கொலை வழக்குகளைச் சுவையாகப் பேசுவோர் கொன்றவனின் பெயரை நன்கு நினைவில் வைத்திருப்பர், கொல்லப்பட்டவரை மறந்துவிடுவர். அவ்வழக்கத்திற்குத் துணைபோக எனக்கு விருப்பமில்லை.

பிறப்பும் இளமையும்

கிட்டியின் முழுப்பெயர் கேதரின் சூசன் ஜெனோவீஸ். 1935-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தாள். தந்தை வின்சென்ட், தாய் ரேச்சல். இத்தாலியிலிருந்து குடியேறியவர் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம் அது. மக்கள் ஐவருள் கிட்டியே மூத்தவள். மூத்த பெண் என்றால் வீட்டில் அவள் பாதித் தாய் என்பது நமக்குத் தெரிந்ததே. கடைக்குட்டிகளுக்கு அவள் விளையாட்டுத் தோழியாகவும் இருந்தாள். ஏறத்தாழ 12 ஆண்டு இளைய தம்பியாகிய வில்லியத்துக்கு அக்காள் என்றால் உயிர். அவனைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவேன்.

கிட்டி பயின்றது புரூக்ளினில் இருந்த ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. படிப்பு முடியும் ஆண்டில் உடன்பயில்வோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் சூட்டுவது அந்நாட்டு வழக்கம். வகுப்பைச் சிரிக்க வைக்கும் குறும்புக்காரி என்ற பட்டம் கிட்டிக்குக் கிடைத்தது. 1953-இல் பள்ளிப்படிப்பு முடிந்தது.

அடுத்த ஆண்டில் குடும்பத்தின் போக்கை மாற்றிய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. நகரில் நடந்த ஒரு கொலையை அவள் தாய் தம் கண்ணாலேயே கண்டார். இந்நகரம் பிள்ளைகளை வளர்க்கத் தகுந்த இடமன்று என்று அஞ்சினார். குடும்பம் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ கேனன் என்னும் அமைதியான ஊருக்குக் குடிபெயர்ந்தது. கிட்டி மட்டும் உடன் செல்லவில்லை. பிறந்த நகரத்தை விட அவளுக்கு மனம் வரவில்லை. அவ்வாண்டிலேயே அவளுக்கு ஒரு திருமணம் நடந்து, சில திங்களில் செல்லாததாக்கப்பட்டது. 19 வயதில் அவள் பெருநகரில் தனியே தன் காலில் நின்றாள்.

உழைப்பும் கனவும்

சில காலம் அலுவலகங்களில் எழுத்தர் வேலை பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டும் வேலை அவள் இயல்புக்கு ஒத்துவரவில்லை. மனிதரோடு பேசிப் பழகும் வேலை வேண்டும் என்று மதுக்கடைகளில் பணிக்குச் சேர்ந்தாள். நம் நாட்டில் மதுக்கடை என்றவுடன் முகம் சுளிப்போம். அந்நகரில் அது தெருவாரின் திண்ணை போன்றது. மாலையில் வேலை முடித்தவர்கள் வந்து உட்கார்ந்து கதை பேசிச் செல்லும் இடம்.

1961-இல் ஒரு தொல்லை வந்தது. கடைக்கு வருவோரிடம் குதிரைப் பந்தயத்திற்குப் பணம் வாங்கினாள் என்று காவலர் அவளைக் கைது செய்தனர். 50 டாலர் தண்டம் கட்டினாள், வேலையும் போயிற்று. சிறு குற்றந்தான். ஆனால் அதன் விளைவு ஒன்று இன்றுவரை நிலைத்துவிட்டது. பாடநூல்களிலும் செய்தித்தாள்களிலும் நாம் காணும் கிட்டியின் படம் அன்று காவலர் எடுத்த படம். கூர்ந்து நோக்கும் கண்களும் சிரிப்பில்லாத முகமுமாக அதில் இருக்கிறாள். பள்ளியையே சிரிக்க வைத்த பெண்ணை உலகம் அவள் சிரிக்காத ஒரு நாளின் படத்தால் அறிந்திருக்கிறது.

பின்னர் குவீன்ஸ் பகுதியில் ஹாலிஸ் என்னும் இடத்தில் மற்றொரு கடையில் சேர்ந்தாள். உரிமையாளர் அங்கு இருப்பதில்லை; பொறுப்பு முழுவதும் கிட்டியிடம். இரட்டை முறை வேலை பார்த்துப் பணம் சேர்த்தாள். இத்தாலிய உணவகம் ஒன்றைச் சொந்தமாகத் திறக்க வேண்டும் என்பது அவள் கனவு. சிவப்பு நிறச் சிறிய பியட் கார் ஒன்று வைத்திருந்தாள். பெற்றோரையும் தம்பி தங்கையரையும் பார்க்க அதை ஓட்டிக்கொண்டு நியூ கேனனுக்குச் செல்வாள்.

1963-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13-ஆம் நாள் அவள் மேரி ஆன் என்னும் பெண்ணைச் சந்தித்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பினர், வாழ்க்கைத் துணையாயினர். கியூ கார்டன்ஸ் என்னும் பகுதியில் இரயில் நிலையத்தை அடுத்து, கீழே கடைகளும் மேலே வீடுகளுமான ஒரு கட்டடத்தில் குடியிருந்தனர். அக்காலத்தில் இத்தகைய உறவை வெளியே சொல்ல முடியாது. எனவே, கிட்டி கொலையுண்டபோது செய்தித்தாள்கள் மேரி ஆனை அறைத்தோழி என்றன. கணவனை இழந்த பெண்ணுக்கு ஊரார் ஆறுதல் சொல்வர். மேரி ஆனுக்கோ ஆறுதலுக்குப் பதிலாகக் காவலரின் நெடுநேரக் கேள்விகளே கிடைத்தன. பல பத்தாண்டுகள் கழித்தே அவள் தன் துயரை வெளிப்படையாகப் பேச முடிந்தது.

அந்த இரவு

1964 மார்ச்சு 13. இருவரும் சந்தித்து ஓராண்டு நிறைந்த நாள். கடையை விட்டுக் கிட்டி புறப்பட்டபோது இரவு இரண்டரை மணி இருக்கும். வழியில் ஒருவன் தன் காரில் அவளைப் பின்தொடர்ந்தான். அவன் 29 வயதினன். மனைவி மக்கள் உள்ளவன். நல்ல வேலையில் இருந்தவன். முன்பின் அறியாத ஒரு பெண்ணைக் கொல்ல வேண்டும் என்றே அன்று இரவு வீட்டிலிருந்து கிளம்பியவன்.

மூன்றேகால் மணியளவில் கிட்டி இரயில் நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் வண்டியை நிறுத்தினாள். அங்கிருந்து அவள் வீட்டு வாயில் சுமார் 100 அடி. அவன் வருவதைக் கண்டு விளக்கொளி உள்ள தெருவை நோக்கி ஓடினாள். அவன் எட்டிப் பிடித்து முதுகில் இரு முறை குத்தினான். கிட்டி கதறினாள். எதிர்க் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து ஒருவர் சன்னலைத் திறந்து, அப்பெண்ணை விட்டுவிடுமாறு உரக்கச் சத்தமிட்டார். கொலைகாரன் ஓடினான். ஆம், ஓடினான். ஒரு மனிதரின் குரலுக்கு அவன் அஞ்சினான் என்பதை நண்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கிட்டி தள்ளாடி எழுந்து, கட்டடத்தைச் சுற்றிப் பின்புறம் உள்ள தன் வீட்டு வழியை நோக்கி நடந்தாள். எதிர்வீட்டாரின் பார்வையிலிருந்து மறைந்தாள். சன்னலில் நின்ற சிலருக்குத் தெரிந்தது இவ்வளவே: ஏதோ கூச்சல் கேட்டது, ஒருவன் ஓடினான், ஒரு பெண் எழுந்து நடந்து போனாள். மார்ச்சு மாதக் குளிர்; பல வீடுகளில் சன்னல்கள் சாத்தியிருந்தன. அத்தெருவில் ஒரு மதுக்கடை உண்டு. இரவில் சச்சரவும் சத்தமும் அங்குப் புதியவை அல்ல. பலர் மீண்டும் படுக்கைக்குச் சென்றனர்.

பத்து நிமிடம் கழித்து அவன் திரும்பி வந்தான். தேடிப் பார்த்தான். பின்புறத்தில் ஒரு மாடிப்படியின் அடியில் கிட்டி விழுந்து கிடந்தாள். அங்கே மீண்டும் குத்தினான்; சொல்லத் தகாத கொடுமையும் செய்தான். நுரையீரல் கிழிந்த அவளால் அப்போது உரக்கக் கத்தவும் முடிந்திராது. அந்த இடம் தெருவிலிருந்து பார்ப்போர்க்குத் தெரியாது.

இருவர் மட்டும் தெளிவாகப் பார்த்தனர். ஒருவர் எதிர்க் கட்டடத்தின் இரவுப் பணியாள். முதல் தாக்குதலில் கத்தியையே அவர் கண்டார். கண்டும் கீழே சென்று படுத்து உறங்கினார். மற்றவர் மாடிப்படியின் மேல்வீட்டுக்காரர், கிட்டிக்குப் பழக்கமானவர். கதவைத் திறந்தார், கீழே நடப்பதைக் கண்டார், கதவைச் சாத்திக்கொண்டார். அச்சம் அவரை ஆட்டிற்று. காவலரை அழைக்காமல் முதலில் நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். பிறகு சன்னல் வழியே வெளியேறி அண்டை வீட்டுக்குச் சென்றார். அதன் பிறகே ஒருவழியாகக் காவல்துறைக்குச் செய்தி போயிற்று. அதற்குள் 3 மணி 50 நிமிடம் ஆகிவிட்டது. காவலர் சில நிமிடங்களில் வந்தனர்.

ஆனால் காவலர் வரும் முன்பே ஒருத்தி வந்துவிட்டாள். சோபியா பாரர் என்பது அவள் பெயர். உருவில் சிறியவள், கைக்குழந்தைக்காரி. கிட்டியின் அண்டை வீட்டுத் தோழி. தொலைபேசியில் செய்தி கேட்டதும், கொலைகாரன் இன்னும் கீழே நிற்கிறானா என்று கூடப் பாராமல் ஓடினாள். இரத்தத்தில் கிடந்த கிட்டியை மடியில் ஏந்திக்கொண்டாள். உதவி வந்துகொண்டிருக்கிறது என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் கிட்டியின் உயிர் பிரிந்தது. இவ்வளவும் நடந்தபோது மேரி ஆன் மாடியில் உறங்கிக்கொண்டிருந்தாள். விடியுமுன் கதவைத் தட்டிய காவலரே அவளை எழுப்பினர். உடலை அடையாளம் காட்டியவளும் அவளே.

38 என்னும் எண்

மறுநாள் நியூயார்க் டைம்ஸ் இதழில் நான்கு பத்திகளில் ஒரு சிறு செய்தி வந்தது. அதோடு முடிந்திருக்கக்கூடும். பத்து நாள் கழித்து அவ்விதழின் நகரச் செய்தி ஆசிரியர் ஏ. எம். ரோசந்தால் காவல்துறைத் தலைவரோடு உணவருந்தினார். இவர் 1954 முதல் 1958 வரை புதுதில்லியில் அவ்விதழின் நிருபராக இருந்தவர். காவல்துறைத் தலைவர் பேச்சுவாக்கில், ஒரு கொலையை 38 பேர் பார்த்தும் வாளாவிருந்தனர் என்றார். ரோசந்தால் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு நிருபரை அனுப்பினார். மார்ச்சு 27-ஆம் நாள் முதற்பக்கத்தில் அச்செய்தி வந்தது. மதிப்பும் சட்டத்திற்கு அடங்கிய ஒழுக்கமும் உள்ள 38 பேர், அரைமணி நேரத்துக்கு மேலாக, மூன்று முறை நடந்த தாக்குதலைப் பார்த்துக்கொண்டே இருந்தனர் என்பது அதன் சாரம். தலைப்பில் 37 என்றும் உள்ளே 38 என்றும் எண்ணே மாறியிருந்தது. அதை யார் கவனித்தார்?

நாடே நடுங்கிற்று. நகர வாழ்க்கை மனித இதயத்தைக் கல்லாக்கிவிட்டது என்று சமய குருமார் பேசினர், தலையங்கங்கள் எழுந்தன, அவ்வாண்டிலேயே ரோசந்தால் இதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். சோபியாவின் பெயர் அக்கதையில் இல்லை. இருந்திருந்தால் கதையின் கூர்மை மழுங்கியிருக்கும் அல்லவா?

இன்னொரு செய்தியும் அக்கதையில் சேரவில்லை. கொலைகாரன் பிடிபட்டது எப்படி? கொலை நடந்த ஆறாம் நாள் அவன் ஒரு வீட்டிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அண்டை வீட்டுக்காரர் ஒருவர் ஐயுற்று விசாரித்தார். மற்றோர் அண்டை வீட்டுக்காரரைக் கலந்தார். ஒருவர் காவலரை அழைக்க, மற்றவர் அவன் கார் ஓடாதபடி செய்துவிட்டார். அவன் அகப்பட்டான், கிட்டியைக் கொன்றதையும் ஒப்புக்கொண்டான். அக்கம்பக்கத்தார் அக்கறையற்றவர் என்பதற்கு உலகம் காட்டும் சான்றே இவ்வழக்கு. அதே வழக்கில் குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்தவர்களும் அக்கம்பக்கத்தார்தாம். 1964-இல் அவனுக்குக் கொலைத்தண்டனை விதித்தனர். 1967-இல் அது வாழ்நாள் சிறையாகக் குறைந்தது. 2016-இல் சிறையிலேயே 81-ஆம் வயதில் இறந்தான். அவனைப் பற்றி இவ்வளவு போதும்.

ஆய்வுக்கூடத்தில்

நியூயார்க் நகரின் இரு இளம் உளவியல் ஆசிரியர்களுக்கு நகரத்தார் நெஞ்சம் கல் என்ற விளக்கம் போதவில்லை. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிப் லடானேயும் நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டார்லியும் வேறு வகையில் எண்ணினர். பலர் இருந்தும் ஒருவரும் உதவவில்லை என்கிறோமே, பலர் இருந்ததனாலேயே உதவவில்லை என்றால் என்ன?

அவர்கள் 1968-இல் வெளியிட்ட சோதனை இது. மாணவர்களைத் தனித்தனி அறைகளில் இருத்தி, ஒலிபெருக்கி வழியே தம்முள் பேசச் செய்தனர். பேச்சின் நடுவே ஒருவர் வலிப்பு வந்து திணறுவது போன்ற குரல் கேட்கும். அது முன்பே பதிவு செய்த குரல். கேட்பது தான் ஒருவனே என்று எண்ணிய மாணவருள் 85 விழுக்காட்டினர் அந்தக் குரல் அடங்குமுன் எழுந்து ஓடி உதவி கேட்டனர். தன்னோடு இன்னும் ஒருவர் கேட்கிறார் என்று எண்ணியவருள் அது 62 விழுக்காடு. வேறு நால்வர் கேட்கின்றனர் என்று எண்ணியவருள் 31 விழுக்காடே.

மற்றொரு சோதனையில் மாணவர் எழுதிக்கொண்டிருக்கும் அறைக்குள் புகையை விட்டனர். தனியே இருந்தவருள் 75 விழுக்காட்டினர் வெளியே சென்று தெரிவித்தனர். புகையைக் கண்டும் காணாதவர் போல் நடிக்கும் இருவரோடு இருந்தவருள் 10 விழுக்காட்டினரே எழுந்தனர். மற்றவர் கண்ணைக் கசக்கிக்கொண்டும் இருமிக்கொண்டும் எழுதினர். அவரே சும்மா இருக்கிறார், எனவே இடர் ஒன்றுமில்லை என்று ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்தனர்.

நான் இதில் மிகவும் மதிப்பது விழுக்காடுகளை அல்ல. வலிப்புக் குரலைக் கேட்டும் எழாத மாணவர்களை ஆய்வாளர் பின்னர் அறைக்குள் சென்று பார்த்தனர். அவர்கள் அக்கறையின்றி இருக்கவில்லை. பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வேர்த்திருந்தது, அந்த ஆள் எப்படி இருக்கிறார், நலந்தானே என்று முதலில் கேட்டவர்களும் அவர்களே. உதவ வேண்டும், ஆனால் உதவுவது என் பொறுப்பா என்னும் போராட்டத்தில் அவர்கள் நாற்காலியோடு கட்டுண்டு கிடந்தனர். நெஞ்சம் கல்லாகவில்லை, கால் எழவில்லை.

உண்மை வெளிவந்தது

ஆய்வுகள் நின்றன, ஆனால் அவற்றுக்கு அடித்தளமாகச் சொல்லப்பட்ட கதை நிற்கவில்லை. கியூ கார்டன்ஸில் வாழ்ந்த வழக்கறிஞர் ஒருவர் நீதிமன்ற ஆவணங்களைத் துருவினார். 2004-இல் நியூயார்க் டைம்ஸ் இதழே அவர் கண்டவற்றை வெளியிட்டது. 2007-இல் உளவியலார் மூவர் அமெரிக்க உளவியல் இதழ் ஒன்றில் பாடநூற்கதைக்குச் சான்றில்லை எனக் காட்டினர். 2016-இல் கொலைகாரன் இறந்த செய்தியை எழுதும்போது, சாட்சிகளின் எண்ணிக்கையையும் அவர்கள் கண்டதையும் தன் பழைய செய்தி மிகைப்படுத்திவிட்டது என்று அவ்விதழ் ஒப்புக்கொண்டது.

தாக்குதல் மூன்றல்ல, இரண்டு. முழுவதையும் கண்டவர் ஒருவரும் இல்லை. நடப்பது இன்னதென்று கண்ணால் கண்டவராக அரசு வழக்கறிஞர்களுக்குக் கிடைத்தவர் ஏறத்தாழ ஆறு பேர். மற்றவர் சத்தம் மட்டும் கேட்டவர்கள். அன்று சிறுவனாயிருந்த ஒருவர், முதல் தாக்குதலுக்குப் பின் தம் தந்தை காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்தார் என்று பிற்காலத்தில் உறுதிமொழி எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்நாளில் அவசர உதவிக்கென ஒரே எண் கிடையாது. அமெரிக்காவில் 911 என்ற எண் 1968-இல்தான் வந்தது. அதற்கான கோரிக்கைக்கு வலுவூட்டியவற்றுள் கிட்டியின் வழக்கும் ஒன்று என்பர்.

இங்கு என் கருத்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். தெளிவாகக் கண்டும் தவறிய இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் இரவுப் பணியாள்; மற்றவர் படிக்கட்டின் மேல் நின்றவர். இவர்கள் கூட்டத்தில் நிற்கவில்லை. குறிப்பாக அப்படிக்கட்டில் வேறு ஒருவரும் இல்லை. பொறுப்பு பலருக்குள் பங்கிடப்பட்டுக் கரைந்தது என்ற விதி அவருக்குப் பொருந்தாது. அவரைத் தடுத்தது அச்சம். சன்னலருகே நின்றவர்களைத் தடுத்தது தெளிவின்மை. ஆக, சும்மா இருப்பவர் எல்லாரையும் ஒரே பெயரால் அழைப்பது தவறு. நோய் வேறு வேறாயின் மருந்தும் வேறு வேறன்றோ?

2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நமக்கு நம்பிக்கை தருகிறது. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் ஆகிய மூன்று நகரங்களின் தெருக்களில் காமிராக்கள் பதிவு செய்த 219 சச்சரவுகளை ஆய்வாளர் பார்த்தனர். பத்தில் ஒன்பதில் அருகிருந்தோர் ஒருவராவது குறுக்கிட்டு உதவினார். கூட்டம் பெருகப் பெருக ஒருவராவது முன்வரும் வாய்ப்பும் பெருகியது. கண்ணெதிரே தெளிவாக நடப்பதைக் கண்டால் மனிதர் பெரும்பாலும் சும்மா நிற்பதில்லை.

தம்பி

அக்காள் இறந்தபோது வில்லியத்துக்கு வயது 16. 38 பேரும் சும்மா இருந்தனர் என்ற செய்தி அவனை வாட்டியது. தானும் அப்படிப் பார்த்து நிற்பவன் ஆகக்கூடாது என்று எண்ணிப் படையில் சேர்ந்தான். 1967-இல் வியட்நாம் போரில் இரண்டு கால்களையும் இழந்தான். ஒரு பொய்க் கதை ஓர் இளைஞனின் வாழ்வை எவ்வளவு தூரம் இழுத்துச் சென்றது, பாருங்கள்.

வீட்டில் கிட்டியின் பெயரைச் சொல்வதே அரிதாகிவிட்டது. சாவு வாழ்வை மூடி மறைத்துவிட்டது. வயது முதிர்ந்தபின் வில்லியம் சக்கர நாற்காலியிலேயே ஊர் ஊராகச் சென்று, சாட்சிகளையும் நண்பர்களையும் தேடிப் பேசினார். 2015-இல் வெளிவந்த சாட்சி என்னும் ஆவணப்படம் அத்தேடலைக் காட்டுகிறது. அதில் அவர் சோபியாவைச் சந்திக்கிறார். தன் அக்காள் தனியே சாகவில்லை, ஒரு தோழியின் கைகளில் கிடந்தாள் என்பது அரை நூற்றாண்டாக அக்குடும்பத்துக்குத் தெரியாது. முன்பே தெரிந்திருந்தால் தம் பெற்றோர்க்கு எவ்வளவு ஆறுதலாய் இருந்திருக்கும் என்று அவர் வருந்தினார். சோபியா 2020-இல் தம் 92-ஆம் வயதில் மறைந்தார். கிட்டியின் கல்லறை நியூ கேனனில் இருக்கிறது.

நமக்கு

இதை நம் மலரில் ஏன் எழுதினேன்? நாம் ஊர் விட்டு வந்து, பிறமொழி பேசும் நகரில் வாழ்கிறோம். இரவில் விடுதிச் சன்னலுக்கு வெளியே ஒரு குரல் எழுந்தால், அது சண்டையா, வேடிக்கையா, கதறலா என்று பிரித்தறிவது நமக்கு மற்றவரினும் கடினம். உள்ளூரார் பார்த்துக்கொள்வர் என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வது மிக எளிது. உள்ளூராரும் அப்படியே நினைத்தால்?

எனவே சில செய்திகளை மனத்தில் இருத்துவோம். ஐயம் வந்தால் தெளிவு வரும்வரை காத்திருக்க வேண்டா, விளக்கைப் போடுவோம், உரக்கக் கேட்போம், பக்கத்து அறைக்காரரை எழுப்புவோம். ஒரு குரலுக்கே கொலைகாரன் ஓடினான். தனியே இறங்க அஞ்சினால் அதில் இழிவில்லை. 112 என்ற எண்ணை அழைக்க அச்சம் தடையாகாது. வேறொருவர் அழைத்திருப்பார் என்று கொள்ளாமல் நாமே அழைப்போம். நாம் இடருற்று வீழ்ந்தால் கூட்டத்தைப் பொதுவாகப் பார்த்துக் கூவாமல், ஒருவரைச் சுட்டி அழைப்போம். பொறுப்பு அப்போது ஒருவர் மேல் நிற்கும். சாலையில் அடிபட்டவரைத் தூக்கினால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்ற பழைய அச்சமும் இனி வேண்டா. 2016-இல் உச்சநீதிமன்றமும், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமும் நல்லெண்ணத்தோடு உதவுவோர்க்குக் காப்பு அளித்திருக்கின்றன.

உணவறையில் கொலைச் செய்தி ஒன்றைப் பேசத் தொடங்கும்போதும் ஒன்றை எண்ணுவோம். உலகில் ஒருவரும் ஒருவருக்கும் உதவார் என்று சொல்லிச் சொல்லி நாமே அதை நம்பிவிட்டால், நம் முறை வரும்போது நாமும் உதவமாட்டோம். 38 பேரின் கதை அந்தத் தீங்கைத்தான் பல பத்தாண்டு செய்தது. கிட்டியின் பெயரைச் சொல்வோர் இனி அவளை முதலில் சொல்லட்டும்: புரூக்ளினில் பிறந்தாள்; வகுப்பைச் சிரிக்க வைத்தாள்; சிவப்புக் காரில் தம்பியைப் பார்க்கச் சென்றாள்; உணவகம் ஒன்று திறக்கப் பணம் சேர்த்தாள். அதன்பின், இருவர் தவறினர் என்று சொல்லட்டும்; ஒருவர் குரல் கொடுத்தார் என்றும், ஒருத்தி ஓடி வந்து மடியில் ஏந்தினாள் என்றும் சேர்த்தே சொல்லட்டும்.